29 ஆண்டு காத்திருந்த விவசாயி
அமெரிக்கக் காங்கிரசில் அமர்ந்த முதல் இந்தியர் கதை

அமெரிக்காவில் ஒரு சிற்றூர். வெஸ்ட்மோர்லண்டு என்று பெயர். கலிபோர்னியா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது.

1950-ம் ஆண்டு நவம்பர் மாதம் அங்கே ஒரு தேர்தல் நடந்தது. ஊர் நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். அந்த நாட்டில் சின்னக் கோர்ட்டுகளின் நீதிபதிகளை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது உண்டு.

ஒரு விவசாயி போட்டியிட்டார். வெற்றியும் பெற்றார்.

ஆனால், பதவி அவருக்குக் கிடைக்கவில்லை!

அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகி இன்னும் ஓர் ஆண்டு நிறையவில்லை. ஆகவே பதவி ஏற்க முடியாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

அவர் நேற்று வந்தவரா? இல்லை. அந்த மண்ணில் கால் வைத்து 30 ஆண்டுகள் ஆகி இருந்தன. அங்கேயே படித்தார். அங்கேயே உழுதார். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். ஆனாலும் 29 ஆண்டுகள் அவருக்குக் குடியுரிமை கொடுக்கவில்லை.

அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. இந்தியராகப் பிறந்தார். அதுதான் காரணம்.

அவர் பெயர் தலீப் சிங் சவுந்த். பின்னாளில் அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரசில் அமர்ந்த முதல் இந்தியர் இவர்தான். ஓட்டுரிமையுள்ள உறுப்பினராக அங்கே நுழைந்த முதல் ஆசியரும் இவரே.

பஞ்சாப் கிராமம்

1899-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந்தேதி சவுந்த் பிறந்தார். அமிர்தசரசுக்குப் பக்கத்தில் உள்ள சஜ்ஜல்வாடி என்ற கிராமம். சீக்கியக் குடும்பம்.

தகப்பனாரும் தாயாரும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அல்லர். ஆனால் மகன் படிக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள்.

சவுந்த் கணிதம் படித்தார். 1919-ல் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். காந்தி அடிகளின் இயக்கம் அவர் மனதைக் கவர்ந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனைப் பற்றியும் ஆசையோடு படித்தார்.

லிங்கன் பிறந்த நாட்டுக்குப் போகவேண்டும். பழங்களையும் காய்கறிகளையும் பதப்படுத்தும் தொழிலைக் கற்கவேண்டும். ஊருக்குத் திரும்பி அந்தத் தொழிலைத் தொடங்கவேண்டும். இதுதான் அவர் போட்ட திட்டம்.

1920-ம் ஆண்டு கப்பலில் புறப்பட்டார். இங்கிலாந்து வழியாக நியூயார்க் துறைமுகம் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து ரெயிலில் கலிபோர்னியாவுக்குப் போனார். பெர்க்லி நகரில் உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

கையில் பணம் அதிகம் இல்லை. ஸ்டாக்டன் என்ற ஊரில் சீக்கியர்கள் 1912-ல் ஒரு குருத்வாரா அமைத்திருந்தார்கள். பெர்க்லியில் படிக்க வரும் இந்திய மாணவர்களுக்காக அவர்கள் ஒரு விடுதியும் நடத்தினார்கள். சவுந்த் அங்கே தங்கினார். கோடை விடுமுறையில் பழம் அடைக்கும் தொழிற்சாலைகளில் கூலி வேலை செய்தார்.

பிறகு மனம் மீண்டும் கணிதத்தின் பக்கம் திரும்பியது. 1922-ல் எம்.ஏ. பட்டம். 1924-ல் டாக்டர் பட்டம்.

டாக்டர் பட்டம் பெற்ற கணித அறிஞர்! ஆனால் வாத்தியார் வேலை கிடைக்கவில்லை. இந்தியருக்கு அப்போது அங்கே அந்தக் கதவு மூடி இருந்தது.

வெள்ளையருக்கு மட்டும்

ஏன் அப்படி? அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கா பல இனத்தார் குடியேறிய நாடு. செவ்விந்தியர்கள் முன்பே அங்கே வாழ்ந்தவர்கள். ஐரோப்பியர் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். ஆப்பிரிக்கரை அடிமைகளாகப் பிடித்து வந்தார்கள். பிறகு சீனரும் ஜப்பானியரும் இந்தியரும் பிழைப்பைத் தேடி வந்தார்கள்.

ஆனால் வந்தவர் எல்லோரும் குடிமக்கள் ஆக முடியாது. 1790-ம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களில் வெள்ளையர் மட்டுமே குடியுரிமை கேட்கலாம் என்றது அந்தச் சட்டம். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1870-ல், ஆப்பிரிக்க வம்சத்தாரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆசியர் வெளியே நின்றார்கள்.

இந்தியர் மீது வெறுப்பும் இருந்தது. 1907-ம் ஆண்டு செப்டம்பரில் பெல்லிங்காம் என்ற ஊரில், மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை செய்த இந்தியர்களை ஒரு கூட்டம் அடித்து விரட்டியது. கூலியைக் குறைத்துவிடுகிறார்கள் என்பது அந்தக் கூட்டத்தின் புகார். 1917-ல் இந்தியா உள்பட ஆசியாவின் பெரும்பகுதியில் இருந்து யாரும் வேலை தேடிக் குடியேறக்கூடாது என்று சட்டம் வந்தது. சவுந்த் மாணவராகப் போனதால்தான் உள்ளே நுழைய முடிந்தது.

அப்போது ஒரு வழக்கு நடந்தது.

பகத் சிங் திந்த் என்று ஒரு சீக்கியர். (இவர் நம் நாட்டு விடுதலைக்காகத் தூக்குமேடை ஏறிய பகத்சிங் அல்லர்.) முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். அவர் குடியுரிமை கேட்டார். வட இந்தியர்களும் ஐரோப்பியரும் ஒரே இனம் என்று அந்தக் காலத்து இன நூல் அறிஞர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அதை எடுத்துக் காட்டி வாதாடினார்.

1923-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அறிஞர் சொல்வது எப்படியும் இருக்கட்டும். சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று நினைக்கிறானோ அவனே வெள்ளையன். இந்தியர் வெள்ளையர் அல்லர். இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஒரு ஜப்பானியர் வழக்கில் இதே கோர்ட்டு வேறு அளவுகோலைக் காட்டி இருந்தது. அப்போது, இன நூல் வகுத்த பிரிவே அளவுகோல் என்றது. இப்போது அந்த அளவுகோலைக் கைவிட்டது!

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு, முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடம் இருந்தும் அதைப் பறித்தார்கள்.

வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் 1915-ல் மனைவியோடும் மூன்று மகன்களோடும் சான்பிரான்சிஸ்கோ வந்து கடை வைத்தவர். 1921-ல் குடியுரிமை பெற்றார். அதைப் பறித்தார்கள். கடையும் கைவிட்டுப் போயிற்று. எந்த நாட்டுக்கும் உரியவன் அல்லாமல் ஆனேனே என்று மனம் உடைந்தார். 1928-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

சவுந்த் படித்து முடித்து வெளியே வந்தது இந்தச் சூழ்நிலையில்தான்.

கணித டாக்டர், பருத்தி மேஸ்திரி

1925-ம் ஆண்டு அவர் இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் போனார். அது பாலைவனம். கொலராடோ ஆற்றில் இருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து விளைநிலம் ஆக்கி இருந்தார்கள். கோடையில் நெருப்பாகக் காயும். பஞ்சாபியர் பலர் அங்கே விவசாயம் செய்தார்கள்.

ஓர் இந்திய நண்பரின் பண்ணையில் சவுந்துக்கு வேலை கிடைத்தது. பருத்தி எடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி வேலை! கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், பருத்தி மூட்டையை எடை போட்டுக் கணக்கு எழுதினார். இரவில் நூல் நிலையத்துப் புத்தகங்களைப் படித்தார்.

பிறகு சொந்தமாக விவசாயம் தொடங்கினார். அதிலும் சட்டம் குறுக்கே நின்றது. குடியுரிமை பெறத் தகுதி இல்லாதவர்கள் கலிபோர்னியாவில் நிலம் வாங்கக்கூடாது. 1920 முதல் குத்தகைக்கு எடுக்கவும் தடை. ஆகவே இந்திய விவசாயிகள் பலர், தெரிந்த அமெரிக்கர் பெயரில் நிலத்தை வைத்துக்கொண்டு பயிர் செய்தார்கள். உழைப்பு இவர்களுடையது. பத்திரத்தில் பெயர் வேறொருவருடையது. அவர் ஏமாற்றினால் கோர்ட்டுக்கும் போக முடியாது!

1930-ஐ ஒட்டி உலகம் எங்கும் விலைவாசி சரிந்தது. விளைந்த பயிர் எடுப்புக் கூலிக்குக்கூடக் காணவில்லை. சவுந்த் கடனில் மூழ்கினார். திவால் நோட்டீசு கொடுத்துத் தப்பித்துக்கொள்ள அவர் மனம் இடம் தரவில்லை. பல ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைத்தார்.

ஒரு வீட்டில் இரண்டு நாடுகள்

1928-ல் சவுந்துக்குத் திருமணம் நடந்தது. மணமகள் பெயர் மேரியன் கோசா. செக் நாட்டில் இருந்து அமெரிக்காவில் குடியேறிய ஓவியர் குடும்பத்துப் பெண்.

இங்கேயும் சட்டம் வந்தது. குடியுரிமை பெறத் தகுதி இல்லாத ஆசியரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்துவிடுவாள் என்று அப்போது சட்டம் இருந்தது. 1931-ல்தான் அது நீங்கியது. இப்படி ஒரு சட்டம் இருந்தபோதுதான் மேரியன் துணிந்து கைப்பிடித்தார்.

அந்தப் பள்ளத்தாக்கில் கலப்புக் குடும்பங்கள் பல இருந்தன. பஞ்சாபில் இருந்து மனைவியை அழைத்துவர முடியாத விவசாயிகள், மெக்சிகோ நாட்டுப் பெண்களை மணந்தார்கள். இப்படி நூற்றுக்கணக்கான குடும்பங்கள் உண்டாயின. தாயின் பேச்சு ஸ்பானிஷ். தகப்பன் பெயர் சிங். அடுப்பில் சப்பாத்தியும் மெக்சிகோ ரொட்டியும் வெந்தன.

சர்க்கார் இவர்களை எப்படிக் கணக்கிட்டது தெரியுமா? 1930, 1940 ஆண்டுகளின் ஜனத்தொகைக் கணக்கில், சீக்கியரானாலும் முஸ்லிமானாலும் எல்லா இந்தியரையும் 'இந்து' என்று எழுதினார்கள். அதை ஓர் இனத்தின் பெயராகவே வைத்திருந்தார்கள்! 1940-ல் அப்படி எழுதப்பட்டவர்கள் நாடு முழுவதும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான்.

கதவு திறந்தது

சவுந்த் சும்மா இருக்கவில்லை. கேட்க ஆள் இருந்த இடத்தில் எல்லாம் இந்திய விடுதலை பற்றிப் பேசினார். இந்தியாவை இழிவுபடுத்தி கேதரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண் ஒரு புத்தகம் எழுதினார். அதற்குப் பதிலாக 1930-ல் சவுந்த் ஒரு புத்தகம் எழுதினார். ஸ்டாக்டன் குருத்வாராவைச் சேர்ந்தவர்கள் அதை வெளியிட்டார்கள்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. இனவெறி பிடித்த ஹிட்லரை எதிர்த்து அமெரிக்கா போர் செய்தது. ஆனால் அதன் சொந்தச் சட்டத்திலேயே இன வேற்றுமை இருக்கிறதே? இந்தக் கேள்வி எழுந்தது. 1943-ல் சீனருக்குக் குடியுரிமை கொடுத்தார்கள்.

இந்தியருக்கும் கொடுக்கவேண்டும் என்று கிளர்ச்சி வளர்ந்தது. கலிபோர்னியாவில் சவுந்தும் நண்பர்களும் 1942-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். சவுந்த் அதன் தலைவர். நியூயார்க்கில் ஜே.ஜே. சிங் என்ற வியாபாரி பாடுபட்டார். காங்கிரசில் கிளேர் லூஸ் அம்மையாரும் இமானுவேல் செல்லரும் மசோதா கொண்டுவந்தார்கள். இருவரும் எதிர் எதிர்க் கட்சிக்காரர்கள்.

1946-ம் ஆண்டு ஜூலை 2-ந்தேதி ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். இந்தியர் குடியுரிமை பெறலாம், நிலம் வாங்கலாம். ஆனால் இந்தியாவில் இருந்து புதிதாகக் குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் அனுமதி.

வைஷ்ணோ தாஸ் பகாயின் மனைவி கலா பகாய் பிறகு குடியுரிமை பெற்றார். கணவர் இறந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகி இருந்தன.

சவுந்த் 1949-ம் ஆண்டு டிசம்பர் 16-ந்தேதி அமெரிக்கக் குடிமகன் ஆனார். அப்போது அவருக்கு வயது 50.

நீதிபதி சவுந்த்

அடுத்த ஆண்டே நீதிபதி தேர்தலில் வென்றதையும், பதவி மறுக்கப்பட்டதையும் முதலிலேயே பார்த்தோம். சவுந்த் கோபப்பட்டு ஒதுங்கிவிடவில்லை. 1952-ல் மீண்டும் நின்றார். மீண்டும் வென்றார்.

அந்தத் தேர்தலின்போது ஒருவர் அவரைக் கேலி செய்தார். நீர் நீதிபதியானால் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு நீரே தலைப்பாகை கொடுப்பீரா, நாங்களே வாங்கிக் கட்டிக்கொண்டு வரவேண்டுமா என்று கேட்டார். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது பற்றி எனக்குக் கவலை இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பேன் என்று சவுந்த் பதில் சொன்னார். கேலி செய்தவர் வாயை மூடிக்கொண்டார்.

வெஸ்ட்மோர்லண்டில் அப்போது சூதாட்டமும் விபசாரமும் பெருகி இருந்தன. நீதிபதி சவுந்த் கடுமையான தண்டனை கொடுத்து அவற்றை ஒடுக்கினார். ஊரில் நல்ல பெயர் கிடைத்தது.

கோடீசுவரர் மனைவியோடு போட்டி

1956-ல் காங்கிரஸ் தேர்தல் வந்தது. ஜனநாயகக் கட்சி சார்பில் சவுந்த் நின்றார்.

எதிர்த்து நின்றவர் யார்? ஜாக்குலின் காக்ரன்! ஒலியைவிட வேகமாக விமானம் ஓட்டிய முதல் பெண். நாடு முழுவதும் தெரிந்த பெயர். அவர் கணவர் பெரிய கோடீசுவரர்.

காக்ரன் விமானத்தில் பறந்து ஓட்டுக் கேட்டார். சவுந்த் குடும்பத்தார் வீடு வீடாக நடந்து கதவைத் தட்டினார்கள். மனைவி, மகன், மகள், மருமகள் என்று எல்லோரும் இறங்கி வேலை செய்தார்கள்.

இன்னொரு தடையும் வந்தது. காங்கிரஸ் உறுப்பினராக இருக்க 7 ஆண்டுகள் குடிமகனாக இருந்திருக்கவேண்டும். இதைக் காட்டி வழக்குப் போட்டார்கள். வழக்கு நிற்கவில்லை. பதவி ஏற்பு 1957 ஜனவரி 3-ந்தேதி. சவுந்த் குடிமகனாகி 7 ஆண்டு நிறைந்தது அதற்குச் சரியாக 18 நாள் முன்பு!

அந்தத் தொகுதி எதிர்க்கட்சிக்குச் செல்வாக்கான இடம். அங்கே ஜனாதிபதி தேர்தலில் எதிர்க்கட்சியின் ஐசனோவர்தான் வென்றார். ஆனால் காங்கிரசுக்கு அதே மக்கள் சவுந்தை அனுப்பினார்கள். ஓட்டுப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்.

1957-ல் கறுப்பு மக்களின் ஓட்டுரிமையைக் காக்கும் சட்டத்தைச் சவுந்த் ஆதரித்தார். உரிமை இல்லாமல் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியும். அதே ஆண்டு காங்கிரசின் வெளிநாட்டு விவகாரக் கமிட்டி சார்பில் ஆசிய நாடுகளைச் சுற்றி வந்தார். 37 ஆண்டுகளுக்குப் பிறகு தாம் பிறந்த கிராமத்துக்கும் போனார். கிராமமே திரண்டு வந்து வரவேற்றது.

1958-லும் 1960-லும் மீண்டும் வெற்றி. மூன்று தடவை காங்கிரஸ் உறுப்பினர்!

1962 மே மாதம் அவரைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சும் நடையும் போயின. மேடைமேல் நின்று பேச முடியாத நிலையில், அந்த ஆண்டு தேர்தலில் தோற்றார். மனைவி மேரியன் 11 ஆண்டுகள் அவரைக் கவனித்துக்கொண்டார். 1973-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந்தேதி சவுந்த் காலமானார்.

நூறு இருபதாயிரம் ஆயிற்று

சவுந்த் நோயில் படுத்திருந்த காலத்திலேயே ஒரு பெரிய மாறுதல் நடந்தது.

குடியுரிமை பெற நிறம் தடை இல்லை என்று 1952-ல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எந்த நாட்டில் இருந்து எத்தனை பேர் வரலாம் என்பதில் பாரபட்சம் நீடித்தது. 1965 அக்டோபர் 3-ந்தேதி ஜனாதிபதி ஜான்சன், சுதந்திர தேவி சிலையின் அடியில் அமர்ந்து புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அதே இமானுவேல் செல்லர். ஆசிய, ஐரோப்பிய நாடு எதுவானாலும் ஆண்டுக்கு 20 ஆயிரம் பேர் வரை வரலாம் என்றது சட்டம். நெருங்கிய உறவினருக்கு அந்த அளவும் இல்லை.

100 பேர் எங்கே? 20 ஆயிரம் பேர் எங்கே?

டாக்டர்களும் என்ஜினீயர்களும் புறப்பட்டார்கள். குடும்பங்கள் பின்னால் போயின. 2020-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் அமெரிக்காவில் இந்திய வம்சத்தார் சுமார் 44 லட்சம் பேர்.

நாட்டின் முகமே மாறிற்று. 1960-ல் 100 பேரில் சுமார் 89 பேர் வெள்ளையர் என்று கணக்கு எழுதினார்கள். லத்தீன் அமெரிக்க வம்சத்தாரில் பெரும்பாலோரையும் அதில் சேர்த்திருந்தார்கள். 2020-ல் லத்தீன் அமெரிக்கர் அல்லாத வெள்ளையர் 58 பேர். லத்தீன் அமெரிக்கர் 19 பேர். கறுப்பர் 12 பேர். ஆசியர் 6 பேர்.

கணக்கு எழுதும் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. 1940-ல் 'இந்து' என்று எழுதப்பட்ட இந்தியரை, 1970-ல் 'வெள்ளையர்' கணக்கில் சேர்த்தார்கள்! 1980 முதல் 'ஆசிய இந்தியர்' என்று தனியாக எழுதினார்கள். மனிதர்கள் அதே மனிதர்கள். இனம் என்று கோர்ட்டும் சர்க்காரும் போட்ட கோடுதான் அங்கும் இங்கும் நகர்ந்தது. அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்பதை வைத்து ஒருவருக்கு நிலம் கிடைத்தது. ஒருவருக்கு உயிரே போயிற்று.

சவுந்த் படித்த அதே பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு 1958-ல் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருவர் படிக்கப் போனார். அவர் சியாமளா கோபாலன். அவர் மகள் கமலா ஹாரிஸ் 2021 முதல் 2025 வரை அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்தார்.

சவுந்துக்குப் பிறகு காங்கிரசின் மக்கள் சபையில் அடுத்த இந்திய வம்சத்தவர் நுழைய 2005-ம் ஆண்டு ஆயிற்று. அதே 2005-ல் கலிபோர்னியாவில் ஒரு தபால் ஆபீசுக்குச் சவுந்த் பெயரை வைத்தார்கள். அவருடைய படம் 2007-ல் காங்கிரஸ் கட்டிடத்தில் திறந்து வைக்கப்பட்டது.

ஒரு காலத்தில் அவர் பெயரில் ஒரு காணி நிலம் பதிய அந்த நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. இன்று அந்த நாட்டின் சர்க்கார் கட்டிடத்தின் மேலேயே அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.